வயல் விழாவும் ஒரு நீளக் காற்சட்டையும்

வயலுக்குப் போகும்போது என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்று உங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மண்ணின் குணம், பூச்சியின் பருவம், உரத்தின் அளவு எல்லாம் சொல்லியிருப்பார்கள். அவற்றை என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருப்பீர்கள், ஆகவே அந்தப் பக்கம் நான் வரப்போவதில்லை. விவசாயப் போதனாசிரியராகக் காலம் முழுக்க வரம்பில் நடந்து ஓய்வுபெற்ற நான், புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வைத்திருப்பது ஒரு காற்சட்டையின் கதை. நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கல்முனைப் பக்கம் எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஊரில் இளந்தாரிகள் எல்லாருக்கும் வெளிநாட்டுக் காய்ச்சல். குவைத், சவூதி, கட்டார் என்று பெயர்கள் தேநீர்க் கடையில் அடுத்த தெருவின் பெயர்கள்போல அடிபட்டன. படம் பிடிக்கிற கடைகளில் கல்யாணப் படம் குறைந்து பாஸ்போர்ட் படம் கூடியது. தையல்காரர்கள் நீளக் காற்சட்டையைத் தவிர வேறொன்றையும் தைக்க நேரமில்லை என்றார்கள்.

நான் வந்த புதிதில் உழவு இயந்திரம் பராமரிப்பது பற்றி ஒரு வகுப்பு வைத்தேன். நெல் வகுப்புக்கு நாலு கிழவர்கள் வந்தாலே பெரிய விஷயம். இதற்கு மண்டபம் நிரம்பி வெளியே நின்றார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. கடைசி நாள் எல்லாரும் ஒரே குரலில் கேட்டது, சான்றிதழை இங்கிலீசில் தர முடியுமா என்று. அந்த வகுப்பில் படித்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த வருஷத்துக்குள் சவூதியில் மெக்கானிக்குகள். எங்கள் திணைக்களம் அரபு நாடுகளுக்குச் செய்த சேவையை யாராவது ஒருநாள் பாராட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

இந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இளைஞர்கள் ஏன் குடும்ப வயலை விட்டுப் போகிறார்கள் என்று கண்டறிய வேண்டும். அதோடு, போகாமல் வயலில் நிற்கும் ஓர் இளம் விவசாயியைத் தெரிவுசெய்து, அவன் வயலிலேயே விழா எடுத்து, கொழும்பிலிருந்து வரும் விருந்தினர் கையால் பரிசு கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் மனம் மாறுவார்களாம்.

எனக்கு மேலே இருந்த அதிகாரியை நாங்கள் 'பெரியவர்' என்போம். பேச்சில் கஞ்சன். உத்தரவைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "காரணத்தை நீ முதலே முடிவுசெஞ்சிட்டுப் போகாத. கேள்வியைக் கேட்டா வாயைப் பொத்திக்கொண்டு இரி" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் காரணத்தை முதலே முடிவுசெய்துதான் வைத்திருந்தேன். சோம்பல், சினிமா, கசெட் ரேடியோ மோகம். நானே நெசவுக்காரர் வீட்டில் பிறந்து, வயலைத் தூரத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன். அறியாதவனுக்குத்தானே அபிப்பிராயம் அதிகம்.

பையன் கிடைப்பது சுலபமாக இருந்தது. சாய்ந்தமருதுக்கு மேற்கே கபூர் போடியாருக்கு வயல் இருந்தது. போடியார் என்றால் நிலபுலம் உள்ள பெரிய விவசாயி. அவருக்கு நான்கு பெண்கள், ஒரே மகன் நஸீர். அந்த வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், நஸீரின் வேளாண்மைதான், நெற்பயிரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. வரம்பில் ஒரு புல் இருக்காது. விஷயத்தைச் சொல்லப் போடியார் வீட்டுக்குப் போனேன்.

போடியாருக்கு வாயெல்லாம் பல். இளையவர் யாரையும் 'மகன்' என்றுதான் கூப்பிடுவார். "நீங்க வந்தது அல்லாஹ் அனுப்பின மாதிரி மகன். என்ட பொடியனும் குவைத்துக்குப் போகப் போறனெண்டு நிக்கான். எண்ணெய்க் கம்பனியில குழாய் பூட்டுற வேலையாம். பரிசைக் குடுத்து அவனைக் கட்டிப் போடுங்க. இது என்ட மண்ணு மகன், என்ட வேர்வை ஊறின மண்ணு. இதை விட்டுட்டு எவனுக்கும் அடிமை வேலை செய்யப் போறதா?"

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "யார்ட மண்ணு? இது எங்கட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த மண்ணு. நீங்க நிந்தவூரிலேருந்து ஒரு தகரப் பெட்டியோட வந்த ஆள்."

போடியார் தேநீரை எடுத்து ஒரே மிடறில் குடித்தார். நானும் என்னுடையதைக் குடித்தேன். வேறு என்ன செய்வது, நானும் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வந்த ஆள்தான். நான் அன்று போட்டிருந்த நீளக் காற்சட்டைகூடக் கல்யாணத்துக்கு மாமி வீட்டார் தைத்துத் தந்தது.

நஸீரை வயலில் கண்டேன். முழங்கால் சேற்றோடு வரம்பில் வந்து உட்கார்ந்தான். ஏன் போகிறாய் என்று கேட்டுவிட்டு, பெரியவர் சொன்னபடி ஒருமுறையாவது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"சேர், இந்த வரம்பிலேருந்து அந்தா தெரியிற மருத மரம் வரைக்கும் நான் உழுதிரிக்கன். முதல்ல மூத்த ராத்தாட துண்டு. ராத்தா கலியாணம் முடிச்ச உடனே மச்சான் வந்து, இனி நான் பாக்கன், நீ அங்கால போ எண்டார். மறுகா ரெண்டாவது ராத்தா. மறுகா மூணாவது ராத்தா. இப்ப நான் நிக்கிறது தங்கச்சிட துண்டு. அவளும் முடிச்சா நான் எங்க நிக்கிற? வாய்க்காலுக்குள்ளயா?"

"நீயும் கலியாணம் முடிப்பாய்தானே. பொம்பிளை பக்கம் வயல் வரும்."

"தங்கச்சிட வீடு இன்னும் சுவரோட நிக்கி சேர். கூரை போட்டாத்தான் நிக்காஹ் எண்டு மாப்பிள்ளை வீட்டார் சொல்லிட்டாங்க. இந்த வருஷத்துக்குள்ள முடியல்லெண்டா வேற இடம் பாப்பாங்களாம். குமரை வீட்டுல வச்சிக்கிட்டு நான் எனக்குப் பொம்பிளை பாக்கிறதா? சனம் என்ன சொல்லும்?"

எங்கள் கரையில் வீடும் வயலும் பெண்ணோடு போகும் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அந்த வழக்கத்தையும் ஆகாயக் கப்பலையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. ஊரே சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அக்கா தங்கைக்குக் கூரை போடப் போய்க்கொண்டிருந்தார்கள். வயலை விட்டுப் போகிறான் என்று நாங்கள் எழுதினோம். விடுவதற்கு அவனுக்கு வயல் எங்கே இருந்தது?

"விழா முடியிறவரைக்கும் நில்லு. பிறகு உன்ட விருப்பம்" என்றேன். சரி என்றான்.

விழா நாள் காலையில் நான் வெள்ளைச் சட்டை, மாமி வீட்டுக் காற்சட்டை சகிதம் நேரத்தோடு வயலுக்குப் போனேன். தோரணம் கட்டியாயிற்று. 'இளைஞர் கையில் எதிர்காலம்' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். வயல் வாடிக்குள், அதுதான் காவலுக்கு இருக்கும் ஓலைக் குடிசை, நஸீர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"சேர், குவைத் கம்பனிக்காரன் நாளைக்கு வாறதெண்டுதான் இருந்த. ஒருநாள் முந்தி வந்திட்டான். இண்டைக்குப் பகலோட ஆள் எடுத்து முடிச்சிட்டுப் போயிருவானாம். ஏஜென்சிக்காரர் ஆள் அனுப்பிச் சொல்லிட்டார்."

"அப்ப போறதுதானே!"

"என்னத்தை உடுத்திட்டுப் போற? வாப்பா என்ட களிசானை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டார். சாரனோட வாறவனை ஏஜென்சி கேட்டுக்குள்ளேயே விடமாட்டாங்களாம்."

போடியார் மகனைத் தடுக்கக் கண்டுபிடித்த வழி அது. வேறு யாரிடமாவது இரவல் வாங்கலாம் என்றால், காற்சட்டை வைத்திருந்த இளந்தாரிகள் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு கல்முனையில் அந்த ஆளெடுக்கும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கிழவர்களிடம் இருந்தது இடுப்பில் சுற்றும் சாரன் மட்டும். அந்த வட்டையில் அந்த நேரம் இருந்த ஒரே நீளக் காற்சட்டை என் இடுப்பில்தான் இருந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, கவனியுங்கள். இப்படி ஒரு நேரத்தில் சுற்றுநிருபம் எதுவும் உதவாது. இவனைப் பிடித்து வைத்தால் விழா நடக்கும், படம் நன்றாக வரும், தற்காலிகமாக இருந்த என் நியமனம் உறுதியாகும். விட்டால் ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கூரை வரும். இதைப் பெரிய தியாகமாக நினைக்காதீர்கள், அந்த நியமனம் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் இவன் பரிசை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும் பார்வையை நினைத்தேன். அதைவிடப் பெரியவரின் ஏச்சு பரவாயில்லை என்று பட்டது. அவிழ்த்துக் கொடுத்தேன்.

எனக்கு இடுப்புப் பெரிது. நஸீர் வாழைநார் மாதிரி. உரப்பை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, என் சைக்கிளிலேயே ஏற்றி அனுப்பினேன். கொடியில் தொங்கிய அவனுடைய கட்டம்போட்ட சாரனை உடுத்திக்கொண்டேன். விருந்தாளிகள் வர இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் யாரையாவது வீட்டுக்கு அனுப்பி வேறு காற்சட்டை எடுப்பிக்கலாம் என்பது என் திட்டம்.

வயலுக்கு முதலில் வந்தவர் போடியார். புதுச் சட்டை, தொப்பி, அத்தர் வாசம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ட மகன் எங்க?"

"கல்முனைக்கு."

"என்னத்தோட?"

"என்ட களிசானோட."

அவர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். அதே நேரம் வாய்க்கால் பக்கமாக ஜீப் சத்தம் கேட்டது. திறந்த வாயை அப்படியே மூடி, விருந்தாளிக்கு முன்னால் சண்டை போடக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பிறகு யாரிடமும் கண்டதில்லை.

கொழும்பு விருந்தினரும் குறித்த நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார். அன்றைக்கு உலகத்தில் யாருமே சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நான் ஒளிய இடம் தேடி வேளாண்மைக்குள் இறங்கினேன். அதுதான் பிழையாகப் போனது. தூரத்தில் வந்த பெரியவர், வயலுக்குள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நின்ற உருவத்தைக் கண்டதும் பெருமையோடு கைநீட்டிச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்தா நிக்கான் சேர், நம்மட பொடியன். விழா எண்டும் பாக்காம வேலை செய்றான்."

கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்ததும் பெரியவர் நீட்டிய கையைச் சட்டென்று இறக்கினார். விருந்தினர் அதற்குள் சப்பாத்தோடு வரம்பில் இறங்கி என் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் பிடிப்பவர் இரண்டு படம் எடுத்துவிட்டார். யாரோ என் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். பரிசாக வைத்திருந்த மருந்தடிக்கும் தெளிகருவியை இன்னொருவர் என் முதுகில் மாட்டினார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது.

விருந்தினர் போடியார் பக்கம் திரும்பினார். "இவர் உங்கள் மகனா?"

போடியார் அஞ்சு நேரமும் தொழுகிற மனிதர், பொய் சொல்ல மாட்டார். என்னைக் காட்டிக்கொடுத்தால் விழா நாறிப்போகும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அல்லாஹ்ட மண்ணுல எல்லாரும் நம்மட புள்ளையள்தானே சேர்" என்றார்.

விருந்தினருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. கூட்டத்தைப் பார்த்து என் தோளில் கைபோட்டு, "எல்லாரும் கேளுங்கள். தம்பி, உன் வயது இளைஞர்கள் எல்லாம் வெளிநாடு போகும்போது நீ மட்டும் ஏன் வயலில் நின்றாய் என்று சொல்" என்றார்.

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அத்தனை பேருக்கும் நான் யார் என்று தெரியும், கேட்டவருக்கு மட்டும் தெரியாது. பெரியவர் கண்ணால் எதையோ சொன்னார், அது 'சமாளி' என்றா 'செத்துப்போ' என்றா என்று எனக்கு விளங்கவில்லை. மண்ணின் மகிமை பற்றி இரண்டு வார்த்தை பேசினால் தப்பிவிடலாம், பேச்சும் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அதைப் பேசினால், நாளைக்கு இந்த ஊரில் நான் சொல்லும் உர அளவைக்கூட ஒருவரும் நம்ப மாட்டார்கள். எங்கள் தொழிலில் நாம் விற்பது நம்முடைய வார்த்தையைத்தான்.

"சேர், நான் நிக்கல்ல" என்றேன். "நிண்ட ஆள் போயிட்டார். நான் இந்தப் பகுதி விவசாயப் போதனாசிரியர். அவருக்கு உடுத்திட்டுப் போகக் களிசான் இல்லாம என்டதைக் குடுத்தனுப்பினன்."

எங்கோ ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். அதோடு வயலே அதிர்ந்தது. விருந்தினர் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்தார். ஏன் போனான் என்று கேட்டார். மருத மரம் வரைக்கும் கையால் காட்டி, எந்தத் துண்டு எந்தச் சகோதரிக்குப் போனது என்று சொன்னேன். சுவரோடு நிற்கும் வீட்டைப் பற்றியும் சொன்னேன். போடியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் காட்டிய துண்டுகளை விருந்தினர் கண்ணால் எண்ணினார். கடைசியில், "அந்தக் காற்சட்டை அவனுக்கு அளவாக இருந்ததா?" என்று கேட்டார்.

"இடுப்புப் பெரிசு சேர். கயிறு கட்டினன்."

அப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. தெளிகருவியை என் முதுகிலிருந்து கழற்றிப் போடியாரின் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பெரியவர் என் பக்கத்தால் போகும்போது, "நாளைக்கு ஒபிசுக்கு வா. களிசானோட வா" என்றார். மறுநாள் ஏச்சு மழை. ஆனால் கடைசியில், "பொய் சொல்லாம விட்டது நல்லம். சொல்லியிருந்தா நானும் சேர்ந்து சொல்லவேண்டி வந்திரிக்கும்" என்றார். என் நியமனம் உறுதியாகக் கொஞ்சம் சுணங்கியது உண்மைதான்.

விழா நாள் பின்னேரமே நஸீர் வந்துவிட்டான். உயரத்தில் பூட்டியிருந்த ஒற்றைக் குழாயில் நடக்கச் சொன்னார்களாம். வழுக்கும் வரம்பில் நெல்மூட்டையோடு நடந்து பழகியவன், போய்த் திரும்பியும் வந்திருக்கிறான். எடுத்துவிட்டார்கள். இறங்கும்போது என் காற்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்துவிட்டது. அவன் சைக்கிள் சீற்றை விட்டு இறங்க மறுத்ததன் காரணம் எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. என் மனைவியிடம் அந்தக் கிழிசலுக்கு நான் சொன்ன விளக்கத்தை அவள் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

போடியார் மகனோடு பேசாமலே இருந்தார். ஆனால் அவன் புறப்பட்ட அன்று பஸ் டிப்போ வரைக்கும் வந்து, பஸ் மறையும்வரை நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அவனை அனுப்பியதில் என் பங்கும் இருந்ததே.

வருஷம் முடிவதற்குள் கூரை ஏறியது. நிக்காஹ் நடந்தது. நஸீர் அதற்கு வரவில்லை, வர முடியவில்லை. எந்தத் தங்கைக்காகப் போனானோ அவளுடைய கல்யாணத்தை அவன் படத்தில்தான் பார்த்தான். மாப்பிள்ளை நல்ல பையன், வீட்டோடு அந்தத் துண்டு வயலும் அவனுக்கு வந்தது. நிற்கிற ஓர் இளம் விவசாயி கடைசியில் கிடைத்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம்.

ஒரு போகம்தான் கழிந்திருக்கும். அந்த மாப்பிள்ளை என் ஒபிசுக்கு வந்தான். கொஞ்ச நேரம், நெல்லிலையைச் சுருட்டும் மடிச்சுக்கட்டிப் புழுவைப் பற்றிக் கேட்டான். பிறகு கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சேர், நஸீர் மச்சானை எடுத்த அந்தக் கம்பனி திரும்ப எப்ப வருமாம்? எனக்கும் ரெண்டு தங்கச்சி குமரா இரிக்கி வீட்டுல."

அவனும் போனான். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். யார் போகிறான் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். யாருடைய வயலில் யார் நிற்கிறான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருங்கள்.

அடுத்த விதைப்புக்கு நான் அந்த வட்டைக்குப் போனபோது, மருத மரம் வரைக்கும் எல்லாத் துண்டிலும் கபூர் போடியார் ஒருவரே நின்றார். மருமகன்மார் எல்லாரும் கடலுக்கு அப்பால். முதுகு வளைந்து, தெளிகருவி தோளில் தொங்க, சேற்றுக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய பழைய பேச்சு ஞாபகம் வந்து நான் சும்மா சீண்டினேன். "நீங்க ஒரு ஆளாவது மண்ணை விடாம நிக்கிறீங்க போடியார். உங்களுக்குத்தான் அண்டைக்குப் பரிசு தந்திரிக்கணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கிட்டயும் சொல்லிடாதீங்க மகன். நானும் ஏஜென்சிக்காரரைப் போய்க் கண்டன். வயசு கூடிப்போச்சாம்."